அண்ணாந்து கேட்பவர்கள்

விமான சாகசக் காட்சிகளுக்கு வருகின்ற கூட்டத்தில் இரண்டு வகையினர் உண்டு. முதல் வகையினர் பார்க்க வருபவர்கள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்து, படம் பிடித்து, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வீடு திரும்புபவர்கள். இரண்டாம் வகையினர் மிகச் சிலர். சட்டைப் பையில் சிறிய வானொலிக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் வயரைக் காதில் செருகியபடி, விமானிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைக் கேட்க வருபவர்கள். ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் என்ன முழங்கினாலும் இவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இவர்களுக்கு வேண்டியது அணித்தலைவரின் குரல்.

இந்த இரண்டாம் வகையினரை நான் முதன்முதலில் நேரில் கண்டது இங்கிலாந்தில். சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் வசிக்கும் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தென்கரையிலுள்ள ஈஸ்ட்போர்ன் நகருக்கு அழைத்துச் சென்றார்கள். அந்நாட்களில் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே கடற்கரையோரம் விமானக் காட்சி நடப்பது வழக்கமாக இருந்தது. பிரித்தானிய விமானப்படையின் 'ரெட் அரோஸ்' குழு அன்று வந்தது. ஒன்பது சிவப்பு விமானங்கள். எனக்கு அருகில் மடிப்பு நாற்காலியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் வானத்தைப் பார்க்கவேயில்லை. கண்களை மூடியிருந்தார். நான் அவரையே பார்ப்பதைக் கவனித்தவர், ஒரு காதுக்குரிய வயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

அதில் நான் கேட்டது ஏமாற்றமளிக்கக்கூடிய ஒன்று என்றுதான் சொல்லவேண்டும். வீர வசனங்கள் இல்லை. பரபரப்பு இல்லை. ஒரு மனிதர் ஏறத்தாழச் சோம்பலான தொனியில் ஒற்றைச் சொற்களை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே இழு. இடப்பக்கம் உருள். புகை. விடு. அவ்வளவுதான். ஆனால் அவர் ஒரு சொல்லை முடித்த அதே கணத்தில், ஒன்பது விமானங்களின் பின்னாலும் வெண்புகை ஒரே நேரத்தில் பீறிட்டது. அப்போதுதான் முதியவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது விளங்கியது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது எங்களைச் சுற்றி நின்ற ஆயிரக்கணக்கானோருக்கு முன்னரே அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வேலை எப்படி நடைபெறுகின்றது என்பதைப் பின்னர் எனக்கு விளக்கியவர் பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்த நண்பர் ஒருவர். பொது விமானப் போக்குவரத்துக்கான குரல் தொடர்பு 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைகளில் நடக்கிறது. நாம் பாட்டுக் கேட்கும் எப்.எம். வரிசை முடிகின்ற 108க்குச் சற்று மேலே. இராணுவ விமானங்கள் இதற்கும் மேலே, 225 முதல் 400 வரையிலான பகுதியை அதிகம் பயன்படுத்துகின்றன. இதில் வியப்பான விடயம், உலகமே எப்.எம். முறைக்கும் அதன் பின்னர் டிஜிட்டல் முறைக்கும் மாறிய பிறகும், விமானங்கள் பழைய ஏ.எம். முறையிலேயே பேசிக்கொண்டிருப்பது. காரணம் பாதுகாப்பு. எப்.எம். முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை அமுக்கிவிடும்; அமுங்கிப்போனவர் பேசினார் என்பதே எவருக்கும் தெரியாமற் போகலாம். ஏ.எம். முறையில் இரண்டு குரலும் மோதி ஒரு கிரீச்சொலி எழும். வேறு எவரோ பேச முயல்கிறார் என்பதாவது தெரியும். ஆபத்தில் இருப்பவனின் குரல் அடியோடு அமுங்கிவிடக்கூடாது என்பதற்காக, நூறாண்டுப் பழைமையான ஒரு தொழில்நுட்பத்தை இன்னும் கைவிடாதிருக்கிறார்கள்.

இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. மலையைச் சுற்றிக்கொண்டு வருவதில்லை. நான் வசிக்கும் பிலிமத்தலாவைக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனால் நடுவில் கடுகண்ணாவை மலைத்தொடர் நிற்கிறது. ஆகவே இங்கிருந்து ஒருவர் காதுகொடுத்தால், தலைக்கு மேலே பத்தாயிரம் மீற்றர் உயரத்திற் செல்லும் விமானியின் குரல் தெளிவாகக் கேட்கும், அவருக்குக் கீழிருந்து பதில் சொல்பவரின் குரல் கேட்காது என்றார் நண்பர். பாதி உரையாடல்தான் மலைநாட்டவருக்கு வாய்க்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தைப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பர்மாப் போர்முனைக்கான கட்டளைகள் இந்த மலைகளுக்குள் இருந்துதான் புறப்பட்டன. அந்தக் குரல்களையும் இங்குள்ள தோட்டத் தொழிலாளர் எவரும் கேட்டிருக்க முடியாது.

அணித்தலைவரின் குரலுக்கு வருவோம். அமெரிக்கக் கடற்படையின் 'புளூ ஏஞ்சல்ஸ்' குழு 1946இல் தொடங்கப்பட்டது. வைர வடிவ அணிவகுப்பில் அவர்களின் விமானங்களுக்கு இடையே 18 அங்குலம் வரை நெருக்கம் வரும் என்கிறார்கள். ஒன்றரை அடி. பறப்பதற்கு முன்னர் விமானிகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கண்களை மூடிக்கொள்கிறார்கள். தலைவர் காட்சி முழுவதையும் வாயாற் சொல்லிக்கொண்டே போகிறார். அதே சொற்கள், அதே இழுவை, அதே இடைவெளி. மற்றவர்கள் கையில் விசையைப் பிடித்திருப்பது போன்ற பாவனையில் அந்தக் குரலுக்கேற்ப மணிக்கட்டை அசைக்கிறார்கள். இதன் ஒளிப்பதிவுகளை இணையத்தில் எவரும் பார்க்கலாம். அறியாதவர்களுக்கு அது ஏதோ மந்திர உச்சாடனம் போலத் தோன்றும்.

நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. வடக்கிலும் கிழக்கிலும் கரைவலை இழுக்கும் மீனவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடி இழுப்பார்கள். பாட்டின் பொருள் என்னவென்று எவரும் யோசிப்பதில்லை. எந்த அசையில் கை இழுக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். விமான அணித்தலைவரும் செய்வது அதைத்தான். 'மேலே இழு' என்ற சொல்லின் பொருள் எல்லா விமானிகளுக்கும் முன்னரே தெரியும். அவர்கள் காத்திருப்பது அந்தச் சொல்லின் நீளத்துக்கு. குரல் மெல்ல நீண்டால் கை மெல்ல இழுக்கும். வெட்டிச் சொன்னால் வெட்டி இழுக்கும்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. 1982 ஜனவரி 18ஆம் திகதி அமெரிக்க விமானப்படையின் 'தண்டர்பேர்ட்ஸ்' குழுவின் நான்கு விமானங்கள் நெவாடா பாலைவனத்தில் ஒத்திகையின்போது ஒன்றன்பக்கம் ஒன்றாகத் தரையில் மோதின. நான்கு விமானிகளும் மாண்டனர். தலைவரின் விமானத்தில் ஏற்பட்ட இயந்திரக் கோளாறினால் அவரால் உரிய நேரத்தில் மேலெழ முடியவில்லை என்று விசாரணை முடிவு செய்தது. மற்ற மூவரின் விமானங்களிலும் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் தரையைப் பார்க்கப் பயிற்றப்பட்டவர்கள் அல்லர். தலைவரைப் பார்க்கப் பயிற்றப்பட்டவர்கள். 1988 ஆகஸ்டில் ஜேர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய அணி விமானங்கள் மோதிக் கூட்டத்துக்குள் விழுந்ததில் 70 பேர் உயிரிழந்தனர். ரெட் அரோஸ் குழு 2011ஆம் ஆண்டில் இரண்டு விமானிகளை இழந்தது. அதற்கடுத்த ஆண்டு அவர்கள் ஒன்பதுக்குப் பதிலாக ஏழு விமானங்களுடனேயே காட்சி நடத்தினார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், இந்திய விமானப்படையின் 'சூர்ய கிரண்' குழு 1996இல் கர்நாடகத்தின் பீதரில் உருவாக்கப்பட்டது. அதன் முதலாவது பொதுக் காட்சி அதே ஆண்டு செப்டெம்பரில் கோயம்புத்தூரில் நடைபெற்றது என்பது தமிழர் பலருக்குத் தெரியாத செய்தி. 2001இல் இலங்கை விமானப்படையின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக அவர்கள் கொழும்பு வந்தார்கள். பயிற்சி விமானங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் 2011இல் குழு நிறுத்தப்பட்டு, பின்னர் 2015இல் ஹோக் விமானங்களுடன் மீண்டும் தொடங்கியது. 2019 பெப்ரவரி 19ஆம் திகதி, பெங்களூர் விமானக் கண்காட்சிக்கு முதல்நாள், ஒத்திகையில் இரண்டு விமானங்கள் மோதி விங் கொமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். 2021 மார்ச்சில் அதே குழு, எழுபதாவது ஆண்டு விழாவுக்காகக் காலிமுகத்திடலுக்கு மேலே பறந்தது. 2024 ஒக்டோபர் 6ஆம் திகதி சென்னை மெரினாவில் நடந்த காட்சியைக் காண இலட்சக்கணக்கானோர் கூடி, வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்துபோனது நினைவிருக்கலாம்.

இலங்கையிலும் இத்தகைய விபத்து நேர்ந்திருக்கிறது. விமானப்படையின் அறுபதாவது ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கிபிர் விமானங்கள் 2011 மார்ச் 1ஆம் திகதி கம்பஹா பகுதியில் நடுவானில் மோதின. விமானி ஒருவர் இறந்தார். போர் முடிந்து இரண்டாண்டுகூட நிறைவடையாத காலம் அது. அந்தச் செய்தியைப் பக்கத்தில் இடும்போது எங்கள் ஆசிரிய பீடத்தில் ஒரு கனத்த மௌனம் நிலவியது. காரணத்தை இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கிபிர் என்பது வடக்கு, கிழக்குத் தமிழருக்கு விமானத்தின் பெயராக மட்டும் இருந்ததில்லை. 1996 முதல் அது வானத்திலிருந்து வரும் மரணத்தின் பெயர். அதற்கு முன்னர் வேறு பெயர்கள் இருந்தன. இத்தாலியப் பயிற்சி விமானமான சியாய் மார்ச்செட்டி, யாழ்ப்பாணத்தார் வாயில் 'சியாமாசெட்டி' ஆனது. குண்டு போட்ட சரக்கு விமானத்துக்குச் 'சகடை' என்று பெயர் வைத்தார்கள். ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்தது 'புக்காரா'. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்த விமானங்களை எட்டு வயதுப் பிள்ளையும் சத்தத்தை வைத்தே பிரித்தறியும். பார்த்து அறிவதற்கு நேரம் இருக்காது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பதுங்குகுழிக்குள் போய்ச் சேரவில்லை.

மலையகத்தவனான எனக்கு இந்தக் காதறிவு கிடையாது. பிலிமத்தலாவைக்கு மேலே எந்த விமானமும் குண்டு போட்டதில்லை. நான் அதை அறிந்தது என்னுடன் பணியாற்றிய ஒரு தங்கையிடமிருந்து. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து, உதவி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி கடைசியில் சுதந்திர தின அணிவகுப்புக்கான ஒத்திகை தொடங்கும். விமானங்கள் கொழும்பின் மேலே தாழப் பறக்கும். நாங்கள் யன்னலருகே ஓடுவோம். அவர் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்தபடி அமர்ந்திருப்பார். ஒருமுறை, பயமா தங்கச்சி என்று கேட்டேன்.

"பயம் இல்லை அண்ணா. போற சத்தம் வேற, திரும்பி வாற சத்தம் வேற. இது போற சத்தம்" என்றார். பிறகு பேனாவை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.

ஈஸ்ட்போர்னிலிருந்து திரும்பி வந்த பின்னர், புளூ ஏஞ்சல்ஸ் குழுவினரின் குரற்பதிவு ஒன்றை அவருக்குக் கணினியில் போட்டுக் காட்டினேன். வேடிக்கையான ஒன்றைக் காட்டுகின்ற உற்சாகத்தோடுதான் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அந்த இழுவைக் குரல் ஓய்ந்ததும், "அவையும் இப்பிடித்தான் கதைச்சிருப்பினமோ?" என்று கேட்டார்.

யார் அந்த 'அவை' என்று நான் கேட்கவில்லை. நவாலிக்கு மேலேயும் புதுக்குடியிருப்புக்கு மேலேயும் பறந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், எத்தகைய தொனியில் பேசிக்கொண்டார்கள் என்பதே அவரது கேள்வி. கீழே இருந்தவர்களுக்கு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அதனுள் இருந்த மனிதனின் குரல் ஒருபோதும் கேட்கவில்லை.

பத்திரிகையாளர்களாகிய எங்களுக்கும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் எங்கள் மேசைக்கு வந்தவை அறிக்கைகள். ஒரு பக்கத்திலிருந்து, பயங்கரவாதிகளின் இலக்கு வெற்றிகரமாகத் தாக்கப்பட்டது என்று வரும். மறுபக்கத்திலிருந்து, பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள் என்று வரும். இரண்டையும் அருகருகே வைத்து, 'தெரிவிக்கப்படுகிறது' என்ற சொல்லின் பின்னால் நாங்கள் ஒளிந்துகொள்வோம். வானொலியே இலக்காவதும் நடந்தது. 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானங்கள் குண்டு வீசின. பணியாளர்களும் பொதுமக்களும் உயிரிழந்தனர். அந்த வானொலியின் அரசியலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கலாம். ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்திருந்தவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன.

உலகில் ஓரிரு சந்தர்ப்பங்களில் அந்த மூடிய கதவு திறந்திருக்கிறது. 2007 ஜூலையில் பக்தாத் நகரில் அமெரிக்க அப்பாச்சி ஹெலிகொப்டர்கள் நடத்திய தாக்குதலில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் இரண்டு பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் அதன் ஒளிப்பதிவை வெளியிட்டபோது, விமானிகளின் குரலும் அதில் இருந்தது. அதைக் கேட்ட எவரும் மறக்கமாட்டார்கள். கோபமோ ஆவேசமோ அந்தக் குரல்களில் மேலோங்கி நிற்கவில்லை. அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது, சுட்டார்கள், இடையே நகைச்சுவையும் பேசினார்கள். தங்கையின் கேள்விக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய மிக நெருங்கிய பதில் அதுதான். அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

அதனால் விமானக் காட்சிகளில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர்களை நான் குறை சொல்வேன் என்று எண்ணவேண்டாம். நேர்மாறாக, அவர்கள் செய்வது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். வர்ணனையாளர் நமக்குக் காட்டுவது தேசத்தின் வலிமை. அந்தச் சிறிய கருவி காட்டுவது ஒரு மனிதரை: மூச்சு வாங்குகிறார், எடை பலமடங்காகும் திருப்பத்தில் குரல் நசுங்குகிறது, தம்மை நம்பி வருகின்ற எட்டுப் பேரை மனத்தில் வைத்துச் சொற்களை அளந்து பேசுகிறார். படைகளுக்குள் மனிதர் இருக்கிறார் என்பதை அறிந்துகொள்வது, அவர்கள் செய்வதற்கெல்லாம் மன்னிப்பு வழங்குவதாகாது. மனிதர் என்று தெரிந்தால்தான் அவரிடம் கேள்வி கேட்க முடியும். இயந்திரத்திடம் எவரும் விளக்கம் கேட்பதில்லை.

சட்டம் இதை நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் பார்க்கிறது. அமெரிக்காவில் விமான அலைகளைக் கேட்பது குற்றமில்லை. பிரித்தானியாவில் தமக்கென அனுப்பப்படாத செய்தியைக் கேட்பது ஏட்டளவில் குற்றம். ஆயினும் கடற்கரையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் முதியவரைப் பொலிஸார் தொந்தரவு செய்வதில்லை. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி வானொலித் தொடர்புக் கருவிகளுக்கு உரிமம் வேண்டும். போர்க்காலத்தில் தமிழர் வீட்டில் இப்படியொரு கருவி இருந்திருந்தால், உரிமத்தைப் பற்றிக் கேட்கும் வரை எவரும் பொறுத்திருக்கமாட்டார்கள். வடக்கில் பற்றரிக்கே தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் கிடைக்கும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்ட சமூகம் நம்முடையது. கேட்பதற்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

2021 மார்ச்சில் சூர்ய கிரண் கொழும்பில் பறந்த நாட்களில் அந்தத் தங்கை தொலைபேசியில் அழைத்தார். வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் மகனோடு நின்று பார்த்தாராம். "மகன் கைதட்டினவன் அண்ணா. அவனுக்கு எது போற சத்தம், எது வாற சத்தம் எண்டு தெரியாது" என்றார். அதை அவர் மகிழ்ச்சியாகச் சொன்னாரா, துயரமாகச் சொன்னாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் கலந்திருந்திருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலிருப்பது பெரும் பேறு. ஆனால் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக முதுமையடைகிறார்கள். ரெட் அரோஸ் தலைவரின் ஒவ்வொரு சொல்லும் ஆர்வலர்களால் பதிவு செய்யப்பட்டு, ஆண்டுவாரியாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. சகடை எப்படி இரையும், கிபிர் கீழிறங்கும்போது ஒலி எப்படி மாறும், ஊரில் யார் முதலிற் கேட்டு யாருக்குச் சொன்னார்கள் என்பவற்றை நம்மில் எத்தனை பேர் எழுதிவைத்திருக்கிறோம்? ரொரன்ரோவிலும் சூரிச்சிலும் மெல்பேர்னிலும் இருந்து இதை வாசிப்பவர்களில், அந்தக் காதுள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். நேரம் கிடைக்கும்போது ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். அலங்காரம் எதுவும் தேவையில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன சத்தம் என்று குறித்தாற் போதும்.